இடிப்பதற்கும் ஒரு கணக்கு

கட்டியவன் பெயரைக் கல்லிற் பொறிப்பர். இடிப்பவனை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் இடிப்புத் தொழில் எத்துணைக் கடினமானது என்பதற்கு இங்கிலாந்தின் டிட்கொட் அனல்மின் நிலையம் சான்றாகும்.

நிலக்கரியால் இயங்கிய அந்நிலையம் 2013 மார்ச்சில் மூடப்பட்டது. மறுவருடம் குளிர்விப்புக் கோபுரங்கள் மூன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2016 பெப்ரவரி 23இல், தகர்ப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த கொதிகலன் மண்டபத்தின் ஒரு பகுதி தானாகவே சரிந்தது. தொழிலாளர் நால்வர் மாண்டனர்.

இத்தகைய பெருங் கொதிகலன் நிலத்தில் அமர்ந்திருப்பதன்று. சூடேறுகையில் கீழ்நோக்கி விரிய இடம் வேண்டுமாதலால், உருக்குச் சட்டகத்தின் உச்சியிலிருந்து தொங்குவது. அப்பெரும் பாரத்தைத் தூண்கள் தலையிலே சுமக்கின்றன. கட்டடம் குறித்த திசையிற் சாயும்பொருட்டு, வெடிக்கு முன்னரே சில உறுப்புகளைப் பகுதியாக அறுத்து வைத்தல் இத்தொழிலின் வழக்கம். அறுபட்டது சுமந்த பாரம் அயலுறுப்பின்மேல் ஏறும். அதுவும் அறுபட்டிருந்தால்? அறுப்புக்கும் வெடிப்புக்கும் இடைப்பட்ட நாட்களே அபாயம் மிக்கவை. மனிதர் உள்ளே நடமாடுவதும் அந்நாட்களிலேதான்.

மூவரின் உடல்கள் ஆறு மாதங்களுக்கு மேலாக இடிபாட்டினுள் கிடந்தன. எஞ்சிய பகுதியை ஆட்கள் நெருங்க இயலாமையால், ரோபோக்களைக் கொண்டு வெடிமருந்து வைத்து ஜூலை 17இல் வீழ்த்தினர். ஜூலையில் கைகொடுத்த பொறிகள் பெப்ரவரியில் ஏன் எண்ணத்துக்கு வரவில்லை என்று ஒருவர் கேட்பின், அது அநியாயமான கேள்வியன்று.

எஞ்சிய கோபுரங்கள் 2019 ஓகஸ்டில் வீழ்ந்தன. புகைபோக்கி 2020 பெப்ரவரியில். சரிவு பற்றிய விசாரணையோ அப்போதும் முடிந்திருக்கவில்லை.