பில் இல்லாம எவ்வளவு, அண்ணா?

ஜெர்மனியில் வீடு வாங்கின நம்ம ஆட்களுக்கு இந்த வாட்ஸ்அப் குழு தெரிந்திருக்கும். ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். வாரத்துக்கு ஒருத்தராவது வந்து கேட்பார்: "பாத்ரூம் டைல்ஸ் மாத்தணும், தமிழ் ஆள் யாராவது இருக்காங்களா?" ஜெர்மன்காரக் கம்பெனிக்குப் போன் போட்டால் எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும், மூணு மாசம் கழிச்சு வந்து பார்க்கிறேன் என்பார்கள். அதனால் குழுவில் ஒரு நம்பர் வந்து விழும். நம்பர் வந்த அடுத்த நிமிஷம் இன்னொரு கேள்வியும் வரும்: "பில் இல்லாம எவ்வளவு எடுப்பார்?"

ஜெர்மனியில் வீடு புதுப்பிக்கும் தொழிலில் தமிழர் கம்பெனி வளராமல் இருப்பதற்கு, வெளியில் சொல்லப்படும் காரணங்களை விட இந்தக் கேள்விதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜெர்மன் மொழி கஷ்டம், சட்டம் கடுமை என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு தொழிலாளியைக் கடைசி வரைக்கும் வேன் வைத்திருக்கும் ஒத்தை ஆளாகவே நிறுத்தி வைப்பது வாடிக்கையாளர்களான நாம்தான்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஸ்டுட்கார்ட் பக்கம் 1970களில் கட்டின வீடு ஒன்றை வாங்கி, இரண்டு வருஷம் பைப், பெயின்ட், டைல்ஸ் என்று ஹண்ட்வெர்க்கர்களோடு குடித்தனம் நடத்தியவன். ஹண்ட்வெர்க்கர் என்றால் இங்கே கைத்தொழில் செய்கிறவர். என் வீட்டு டைல்ஸ் வேலை செய்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார். முதல் நாளே நான் பில் வேணும் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "நானாக் கேக்கிறதில்லை தம்பி. ஆக்கள்தான் பில் வேண்டாம் எண்டு கேக்கினம். மாட்டன் எண்டால் அடுத்த ஆளிட்டப் போயிடுவினம்" என்றார்.

சரி, அந்த 'ஆக்கள்' என்னதான் மிச்சம் பிடிக்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூலி மட்டும் வரியோடு சேர்த்து 6,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 19 சதவீத விற்பனை வரியின் பங்கு சுமார் 958 யூரோ. வருமான வரிச் சட்டத்தின் 35அ பிரிவில், குடியிருக்கும் வீட்டில் செய்த வேலையின் கூலியில் 20 சதவீதத்தை, வருஷத்துக்கு 1,200 யூரோ வரை, நாம் கட்டும் வரியிலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளலாம். சாமானுக்குக் கிடையாது, கூலிக்கு மட்டும். பில் இருக்கணும், பணம் பேங்க் வழியாகப் போயிருக்கணும். கையில் கொடுத்த காசு கணக்கில் வராது. 958 யூரோவை மிச்சம் பிடிக்கப் போய் 1,200 யூரோவை விடுகிறார்கள். பில் இல்லாதவர் தன் வருமான வரியையும் மறைப்பதால் கொஞ்சம் கூடவே குறைத்துக் கொடுப்பார் என்பது உண்மைதான். அந்தக் குறைவுக்கு என்ன விலை என்பது தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும்போது தெரியும்.

கட்டட வேலைக்கு ஜெர்மன் சிவில் சட்டம் பொதுவாக 5 வருஷம் பொறுப்பு வைக்கிறது. டைல்ஸுக்குப் பின்னால் ஈரத்தடுப்புச் சரியில்லை என்றால், 4 வருஷம் கழித்தும் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லலாம். பில் இல்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வேலை செய்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது. உயர் மேல்முறையீட்டு நீதிமன்றமான புண்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் 2013 ஆகஸ்ட் 1 அன்று சொன்ன தீர்ப்பு இது. வீட்டு முன்வாசலுக்குக் கல் பதிக்க 1,800 யூரோ, ரொக்கம், பில் கிடையாது. தரை சீராக இல்லை. சரி செய்ய 6,000 யூரோவுக்கு மேல் ஆகும் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். ஒரு சென்ட் கூடக் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு 'தொழிலாளிக்கு லாபம்தானே' என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருஷம், 2014 ஏப்ரல் 10 அன்று, அதே நீதிமன்றத்தில் எலெக்ட்ரிக் வேலை செய்த கம்பெனி ஒன்றின் முறை. கூலியில் ஒரு பகுதியைப் பில் இல்லாமல் பேசியிருந்தார்கள். வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் மிச்சப் பணத்தைக் கொடுக்கவில்லை. கம்பெனியால் வாங்க முடியவில்லை. 2015இல் இன்னொரு வழக்கு: பணம் முழுக்கக் கொடுத்துவிட்டு, வேலை மோசம், திருப்பிக் கொடு என்று கேட்டவருக்கும் கதவு மூடியது. எந்தப் பக்கம் போனாலும் 'நீங்க ரெண்டு பேரும் பட்டுக்கோங்க' என்பதுதான் பதில். இந்த மூன்று தீர்ப்பையும் தமிழில் எழுதி அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே ஒட்டி வைக்கலாம் என்று எனக்கு ஆசை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பில் இல்லாமல் செய்த வேலைக்கு வரலாறு கிடையாது. அந்த அண்ணா இத்தனை வருஷத்தில் நூறு குளியலறையாவது செய்திருப்பார். பேங்கில் கடன் கேட்டால் காட்டுவதற்குக் கணக்கில் வருமானம் இல்லை. கணக்கில் வராத காசிலிருந்து ஓய்வூதியத்துக்கும் எதுவும் சேராது. கூட ஒரு ஆளை முறைப்படி வேலைக்கு வைக்க முடியாது, விபத்துக் காப்பீடு இல்லை. முழங்கால் தேய்ந்தால் தொழிலும் முடிந்தது. மகன் எடுத்து நடத்த அங்கே கம்பெனி என்று ஒன்று இருக்காது. ஒரு போன் நம்பர்தான் இருக்கும்.

முறைப்படி செய்வது சுலபம் என்று நான் சொல்லவில்லை. இங்கே தொழில் நடத்த பல துறைகளில் மைஸ்டர் பட்டம் வேண்டும். 2004 சீர்திருத்தத்தில் 53 தொழில்களுக்கு அந்த நிபந்தனையை எடுத்தார்கள். டைல்ஸ் பதிப்பதும் அதில் ஒன்று. அந்தக் கதவு வழியாக நம்மவர்கள் சிலரும் உள்ளே வந்தார்கள். 2020 பிப்ரவரி 14 முதல் 12 தொழில்களுக்கு நிபந்தனை திரும்பி வந்துவிட்டது. டைல்ஸ், மரத்தளம் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முன்பே முறையாகப் பதிந்திருந்தவர்கள் தொடரலாம். பதியாமல் செய்துகொண்டிருந்தவர்கள் வெளியே. பார்த்தீர்களா, பில் போட்டவருக்கு இங்கேயும் ஒரு பாதுகாப்பு கிடைத்தது. பெயின்ட், எலெக்ட்ரிக், பைப், ஹீட்டிங் ஆகியவற்றில் நிபந்தனை எப்போதும் நீங்கியதே இல்லை. பதியாமல் பெரிய அளவில் செய்து மாட்டினால் அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

சுற்று வழிகளும் சட்டத்திலேயே இருக்கின்றன. பயிற்சி முடித்துத் தேர்வு பாஸ் பண்ணினவர், அந்தத் தொழிலில் 6 வருஷம் வேலை பார்த்து, அதில் 4 வருஷம் பொறுப்பான இடத்தில் இருந்திருந்தால், மைஸ்டர் இல்லாமலே பெரும்பாலான தொழில்களில் அனுமதி கேட்கலாம். மைஸ்டர் ஒருவரை நிர்வாகியாகச் சம்பளத்துக்கு வைத்தும் கம்பெனி தொடங்கலாம். ஆனால் அவர் நிஜமாக வேலையைக் கவனிக்க வேண்டும், பேப்பரில் மட்டும் இருக்கக் கூடாது. ரெடிமேட் கதவு, ஜன்னல் பொருத்துவது போன்ற வேலைகளுக்கு மைஸ்டரே தேவையில்லை. இதையெல்லாம் உங்கள் ஊர் ஹண்ட்வெர்க்ஸ்காமரில், அதாவது கைத்தொழில் மன்றத்தில், கேட்டால் சொல்வார்கள்.

பதிந்த பிறகும் பேப்பர்தான் ஆளைக் கவிழ்க்கும். கையில் தொழில் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வழக்கு. எஸ்ஸன் நீதிமன்றத்திலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் 2023 மே 17 அன்று தீர்ப்பானது. வீடு ஒன்றின் வயரிங் முழுவதையும் ஒரு கம்பெனி மாற்றிக் கொடுத்தது. ஒப்பந்தம் கம்பெனியின் அலுவலகத்துக்கு வெளியே பேசப்பட்டது. இப்படிப் பேசினால் 14 நாளுக்குள் விலகும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை என்றால் அந்தக் கெடு 12 மாதம் நீளும். கம்பெனி சொல்ல மறந்துவிட்டது. வேலை முடிந்து பில் வந்த பிறகு அவர் விலகினார். கம்பெனிக்கு அவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. வயரிங் சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பக்கப் படிவம் இல்லாததால் போன பணம் அது.

இந்த இடத்தில்தான் ஐடி ஆட்கள் உதவலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அண்ணாவுக்கு விலைப்பட்டியல், விலகல் படிவம், பில் மூன்றுக்கும் மாதிரி செய்து கொடுக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. போனுக்குப் பதில் சொல்லி, இரண்டு நாளில் எழுத்தில் விலை அனுப்புகிற ஆளுக்கு இந்த நாட்டில் போட்டியே இல்லை. கேட்டு அலைந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

அடுத்தது கொஞ்சம் உறுத்தும். மைஸ்டர், மேஸ்திரி இரண்டும் ஒரே சொல்தான். லத்தீன் 'மாகிஸ்தெர்' போர்த்துக்கீசு வழியாக நம்மிடம் மேஸ்திரி ஆனது, இங்கே மைஸ்டர் ஆனது. இங்கே மைஸ்டர் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். நம் ஊரில் மேஸ்திரி வெயிலில் நிற்பார், வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்து பேசுவார். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து சிற்பிகள் வந்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. அதே கை குளியலறைக்கு வந்தால் 'கூலி' ஆகிவிடுகிறது. கையால் செய்யும் வேலையைச் சாதியோடு சேர்த்துப் பார்த்த பழக்கம் விமானத்தில் நம்மோடு ஏறி வந்திருக்கிறது. பேரம் பேசும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அண்ணாவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஹீட்டிங் தொழிலில் மூன்றரை வருஷ அவுஸ்பில்டுங், இரண்டாவது வருஷம் ஓடுகிறது. தாய்க்குச் சம்மதமில்லை. "இஞ்ச வந்தும் பைப் பிடிக்கிறதோ, உங்களை மாதிரி ஒரு எஞ்சினியர் ஆக வேண்டாமோ" என்று என்னிடமே கேட்டார். ஜெர்மன் தகுதிப் பட்டியலில் மைஸ்டரும் இளநிலைப் பட்டமும் ஒரே 6ஆம் படியில்தான் இருக்கின்றன, மைஸ்டர் முடித்தால் அபிட்டூர் இல்லாமலே யூனிவர்சிட்டிக்கும் போகலாம் என்றேன். அரை மனதாகக் கேட்டுக்கொண்டார்.

பணக் கணக்கைச் சொன்னபோதுதான் காது கொடுத்தார். மைஸ்டர் வகுப்புக்கும் தேர்வுக்கும் 15,000 யூரோ வரை அரசு உதவி உண்டு. பாதி இனாம், பாதி கடன். தேர்வில் பாஸானால் கடனில் பாதி தள்ளுபடி. சொந்தமாகக் கம்பெனி தொடங்கி 3 வருஷம் நடத்தினால் மீதிக் கடனும் தள்ளுபடியாகும். "அப்ப கம்பெனியின்ர பேர் என்ன வைப்பான்?" என்று கேட்டார் அந்த அக்கா. பையன் அப்போது சைஃபன் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை.