ரூட்டுக்குப் பூட்டு, அறைக்கு?

லினக்ஸ் சர்வர் மக்கர் செய்தால் உடனே ‘மறுபடி இன்ஸ்டால் பண்ணிடலாம்’ என்பது திருச்சியில் பலருக்கும் பழகிப்போன வைத்தியம். முக்கால்வாசி நேரம் அது தேவையே இல்லை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் தம்பி, அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸை நோண்டிப் பழகியவர். பாஸுக்கும் அடிப்படை டெபியன்தான் என்ற தைரியத்தில் பழைய கணினியில் டெபியனைப் போட்டு சர்வர் ஆக்கிவிட்டார். பேக்கப்புக்கான யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்ததும் வந்தது வினை. 90 விநாடி அந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்த சர்வர், எமர்ஜென்சி மோடுக்குப் போய், ‘ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது’ என்றது. என்டர் தட்டினால் மறுபடியும் அதே பாட்டு. என்னைக் கூப்பிட்டார்கள்.

காரணம் இதுதான். இன்ஸ்டால் செய்யும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், டெபியன் ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு முதல் பயனருக்கு சுடோ உரிமையைக் கொடுத்துவிடும். உபுண்டுவில் பூட்டியபடியேதான் வரும். ரூட் பெயரில் பாஸ்வேர்டை ஊகித்து முட்டிப் பார்ப்பவர்களிடமிருந்து அது பாதுகாப்பு. ஆனால் டெபியனின் எமர்ஜென்சி மோடு கேட்பது ரூட் பாஸ்வேர்டை மட்டுமே. அங்கே சுடோ செல்லாது.

வழி இருக்கிறது. கிரப் மெனுவில் ‘இ’ தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து, எஃப்10 அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் வந்துவிடும். டிஸ்க்கை எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்து, எஃப்எஸ்டேப் கோப்பில் யுஎஸ்பி டிஸ்க்கின் வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்தோம். டிஸ்க் இல்லாவிட்டாலும் இனி சர்வர் பாட்டுக்கு எழுந்துவிடும்.

பார்த்துக்கொண்டிருந்த ஆடிட்டர் கேட்டார்: “ஏன் சார், நீங்க இவ்வளவு சுலபமா உள்ளே போனா, வேற யாரும் போகலாமே?”

போகலாம். கிரப்புக்கு பாஸ்வேர்டு வைக்கலாம். அதையும் மீறி டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போகிறவரைத் தடுக்க டிஸ்க் என்கிரிப்ஷன்தான் வேண்டும். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த சர்வர் இருந்தது வரவேற்பறையில், வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கீபோர்டும் மானிட்டருமாக. அதை அன்றே பூட்டுள்ள ஃபைல் அறைக்கு மாற்றச் சொன்னேன்.