ஒன்றாம் வகுப்பைப் பார்க்காத பிள்ளைகள்

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டியிருந்த குழந்தையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பூட்டிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பள்ளிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோதே அந்தக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது உண்மைதான். ஆனால் பிஞ்சு விரலைத் தன் கைக்குள் பிடித்து ‘அ’வின் சுழியைப் போட்டுக் காட்ட, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்கள் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலையில் திண்ணையில் பாய் விரித்து, சுவரில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ மூவரும் கிராமப்புறக் குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மக்கள் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எது?

அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்தது 2024-25இல். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் அந்த ஆண்டுக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லையாம். கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதுமாக ஏற்க வேண்டும், மும்மொழி உட்பட.

நாங்கள் இருமொழிக் கொள்கையின் பக்கம். மறுப்பவர்கள் வாதாடட்டும், கேட்கிறோம். ஆனால் நின்றுபோனது மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளத்துக்கும், தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் உரிய பணம். மொழிச் சண்டைக்கு இதைப் பிணை வைப்பது அநியாயம்.

மாநில அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குரிய 25 விழுக்காட்டு இடங்களுக்கு 2025இல் உரிய காலத்தில் சேர்க்கை நடக்கவில்லை. டெல்லி பணம் வரவில்லை என்றார்கள். தன் கருவூலத்திலிருந்து எடுத்தாவது கதவைத் திறந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம், நிறுத்திவைத்த பணத்தைக் கேட்டுத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. அடுத்த மாதம் அந்தக் குழந்தை ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தது.