பேப்பர் அவங்ககிட்ட, அலைச்சல் மட்டும் நமக்கா?



உங்க வீட்டுப் பரண்ல பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது இருக்குதுங்களா? தாத்தா, பெரியப்பா யாராவது பட்டாளத்துக்குப் போய் வந்தவங்களா? அப்படின்னா இந்தப் பதிவைப் படிச்சு முடிச்ச கையோட அந்தப் பெட்டியைக் கீழ இறக்குங்க. உள்ளே ஒரு டிஸ்சார்ஜ் புக் இருக்கும். அட்டை போயிருந்தாலும் பூச்சி அரிச்சிருந்தாலும் பரவாயில்லை. சர்வீஸ் நம்பர், ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, இந்த நாலும் படிக்க முடிஞ்சா போதும், உடனே போட்டோ எடுத்து வையுங்க.

பனியன் ஊருக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. தாராபுரம், காங்கேயம், உடுமலை பக்கம் விசாரிச்சுப் பாருங்க. பென்ஷனுக்காக, விதவை பென்ஷனுக்காக, மாத உதவித்தொகைக்காக மனு மேல மனு போட்டு ஓய்ந்த குடும்பங்கள் இருக்கு. எல்லாருக்கும் வரும் பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "ஆவணம் கொண்டு வாருங்கள்."

அந்த ஆவணம் எங்கே இருக்கு? மதராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரைத் தாண்டி வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ என்றால் செகந்திராபாத். பென்ஷன் உத்தரவு போடுவது இது எதுவுமில்லை, பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். இதுல அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் எழுபத்தஞ்சு வயசு அம்மா எங்கே போய் நிற்பாங்க?

அவங்க பிரச்சனை பெரும்பாலும் ஒரு எழுத்துதான். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், அதை ரெஜிமென்ட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் பதிவு செய்யணும். பதிவாகலைன்னா சர்க்கார் கணக்கில் அவருக்கு மனைவியே இல்லை. பதிவானாலும் கருப்பாத்தாள், பாப்பாத்தி, துளசியம்மாள் என்ற நம்ம ஊர்ப் பெயரை எங்கோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். ரேஷன் கார்டில் வேற எழுத்து, ஆதாரில் வேற எழுத்து. புருஷன் செத்த பிறகுதான் இது வெளியே வரும். 2021-ல் ஸ்பர்ஷ் இணையதளம் வந்து பழைய கணக்குகளை அதற்கு மாற்றியபோது, பேப்பரில் தூங்கிக்கிட்டிருந்த இந்தக் கோளாறெல்லாம் முழிச்சுக்கிச்சு.

ஊர்ப் பெயரிலும் சிக்கல் இருக்கு. இரண்டாம் உலகப் போருக்குத் தாராபுரத்தில் இருந்து ஒருத்தர் போனார்னு வச்சுக்குங்க. அவர் ஆவணத்தில் கோயம்புத்தூர் ஜில்லா என்று இருக்கும். 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது தாராபுரம் அதோட போச்சு, அதுதான் பிறகு ஈரோடு ஆச்சு. 2009-ல் திருப்பூர் மாவட்டம். மனுஷன் வீடு மாறவே இல்லை, மாவட்டம் மட்டும் மூணு. வெலிங்டனில் இருந்து ஒரு கடிதம் பழைய ஜில்லா விலாசத்துக்குப் போனால் அது எந்த மேஜையில் கிடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் கூட அலுவலகக் குளறுபடின்னு விட்டுடலாம். விடவே முடியாத ஒண்ணு இருக்கு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த சிப்பாயின் பணி ஆவணங்களை 25 வருடம் ஆனதும் அழித்துவிடலாம் என்று ராணுவ ஒழுங்குவிதிகளிலேயே இருக்கு, விதி 595. 'லாங் ரோல்' என்ற பேரேடு மட்டும்தான் நிரந்தரமாக இருக்கும். அதில் இருப்பது ஆளைப் பற்றி ஒரு வரி.

யோசிச்சுப் பாருங்க. பென்ஷன் வாங்குபவருக்குப் பழைய கோப்பு அவ்வளவு அவசரம் இல்லை, பணம் வந்துக்கிட்டிருக்கு. பென்ஷன் கிடைக்காதவருக்குத்தான் அது உயிர். சிப்பாய் பென்ஷனுக்கு 15 வருட சர்வீஸ் வேணும். அறுபதுகளில், எழுபதுகளில் சேர்ந்தவர்கள் பலர் சில வருடம் நேரடிப் பணி, மிச்ச வருடம் ரிசர்வ் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவர்கள். ரெண்டும் சேர்ந்து 15 வந்ததா வரலையா என்று அவருக்கு எழுபது வயசில்தான் யாரோ சொல்லித் தெரியுது. கேட்டுப் போனால், "ஐயா, உங்க கோப்பை அழிச்சாச்சு. நிரூபிக்க வேண்டியது நீங்கதான்" என்று பதில். கோப்பை அழித்தவர்களே ஆதாரம் கேட்பதை நியாயம்னு யாராவது சொல்வாங்களா? இந்த வழக்கு சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரைக்கும் போகுது. அங்கே போக வக்கீலும் வசதியும் உள்ளவங்க எத்தனை பேர்?

இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. 1943-ல் நேதாஜி ஐ.என்.ஏ பொறுப்பை ஏற்றபோது மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். பர்மாவில் தோற்றுப் பின்வாங்கும் படை ரிஜிஸ்டரைப் பத்திரமா மூட்டை கட்டிக்கிட்டா வரும்? 1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் அறிவித்தது. சிறை ஆவணம் கொண்டு வா. இல்லையா, ஆவணம் கிடைக்கவில்லை என்று ஒரு சான்று கொண்டு வா, கூடச் சிறையில் இருந்தவரிடம் ஒரு சான்று வாங்கி வா. கூட இருந்தவர் செத்து எத்தனை வருஷமாச்சோ! இந்த நேரமெல்லாம் ஐ.என்.ஏ பற்றிய 990 கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்தில் பூட்டிக் கிடந்தன. ரகசியம் நீக்கி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அவை வந்தது 1997-ல். பென்ஷன் திட்டம் வந்து 25 வருஷம் கழித்து! அதில் எல்லார் பெயரும் இருக்கும்னு சொல்ல வரலை. தேடிப் பார்க்கவாவது விட்டிருக்கலாமே? தொண்ணூறு வயசைத் தாண்டிய ஐ.என்.ஏ வீரர்கள் சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறினதை நாம பார்த்தோம்.

உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகவே பேசியிருக்கு. குர்தியால் சிங் வழக்கில் 2001-ல் சொன்னது: தியாகி பென்ஷன் கேட்பவரிடம் கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கேட்காதே, நடந்திருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார். அதற்கும் முன்னால், 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்குத் தீர்ப்பு. பென்ஷன் பிச்சை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று சொன்ன தீர்ப்பு அதுதான். நகராவே பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு வந்த நாளைப் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுறாங்க. கொண்டாடட்டும், ஆனா கோப்பைத் தேடித் தருவது யார் வேலை?

வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கும். இங்கிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று. எண்ணிக்கை இருக்கு, பேர் ஒண்ணு கூட இல்லை. மதராஸ் மிலிட்டரி ஃபண்டுக்குப் பணம் கட்டிய வெள்ளைக்கார அதிகாரிகளின் கணக்கெல்லாம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமா இருக்கு. லாகூர் அருங்காட்சியகத்தில் அதே போரில் சேர்ந்த பஞ்சாப் சிப்பாய்கள் சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் பல பத்தாண்டு தூசியில் கிடந்தன. 2021-ல் அதில் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்ற ஆரம்பிச்சாங்க. இன்னைக்குப் பேரன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தாத்தாவைத் தேடுறான். அங்கே முடியுதுன்னா இங்கே ஏன் முடியாது?

பட்டாளம் நமக்குத் தூரம்னு நினைக்கிற பனியன் கம்பெனித் தோழர்கள் உங்க பி.எஃப் கணக்கைப் பாருங்க. கதை அப்படியே இதுதான். ஓவர்லாக்கில் நாலு வருஷம், செக்கிங்கில் மூணு வருஷம், ஜாப் ஒர்க் யூனிட்டில் அஞ்சு வருஷம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பி.எஃப் நம்பர். யு.ஏ.என் வந்ததே 2014-ல்தான். மாத பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், அதைச் சேர்த்துக் காட்டப் பழைய கம்பெனி வேணும், அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போ கல்யாண மண்டபம். இத்தனை அலைச்சலும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய்க்கு! 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்னைக்கு நின்றவர்களில் எத்தனை பேர் இன்னைக்குப் பழைய சம்பளச் சீட்டைத் தேடிக்கிட்டிருக்காங்களோ.

நாம கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் ஒரு பணிக் கோப்பையும் இனி அழிக்கக் கூடாது. லாங் ரோல் முழுவதையும் ஸ்கேன் செய்து தேடக் கிடைக்கும்படி வைக்கணும். அதில் பேர் இருந்தால் அதுவே போதிய ஆதாரம், பாக்கியை அலுவலகம் தேடட்டும். ஆவணங்களை அட்டவணை போட்டு ஒழுங்காக வைக்கணும் என்று தகவல் உரிமைச் சட்டம் நாலாவது பிரிவு 2005-லேயே சொல்லிருச்சு. மாதம் ஒரு நாள் வெலிங்டன் ஆட்களும் பி.எஃப் ஆட்களும் திருப்பூர் கலெக்டர் ஆபீசில் உட்காரட்டும்.

அதுவரைக்கும் வேலை நம்ம கையில். கிளைத் தோழர்கள் உங்க வார்டில் பட்டாளத்து வீடு எதுன்னு விசாரிச்சு வையுங்க. டிஸ்சார்ஜ் புக்கை ரெண்டு பிரதி எடுங்க. முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு, கையோட ரசீது. ஆவண அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோட ஆர்.டி.ஐ: "என் பணி ஆவணத்தின் நகல், லாங் ரோல் பதிவின் நகல்." அழிச்சாச்சுன்னு பதில் வந்தால், எந்தத் தேதியில் எந்த உத்தரவுப்படி அழிச்சீங்கன்னு அடுத்த ஆர்.டி.ஐ. மனைவி பெயர் சரியா இருக்கான்னு அவர் உயிரோட இருக்கும்போதே பாருங்க. எழுதத் தெரியாத பெரியவங்களுக்கு நம்ம கிளை அலுவலகத்தில் உட்கார வச்சு எழுதிக் கொடுங்க, வருகிற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிங்க.