பிள்ளைகளின் விசுவாசம் எங்கே வளர்கிறது?

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில், அயலில் வசிக்கும் அன்பர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். முகத்தில் கவலை படிந்திருந்தது. உள்ளே அழைத்து அமரச் செய்து, காரணத்தை வினவினேன்.

"ஐயா, மகன் இனிமேல் கோயிலுக்கு வரமாட்டானாம். இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் பேராயரின் கையால் திடப்படுத்தல் பெற்றான். ஞாயிறு பாடசாலைப் பரீட்சைகளில் தவறாமற் பரிசு வாங்கியவன். அவனுடைய சான்றிதழ்களை எல்லாம் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டி வைத்திருக்கிறோம். நாங்கள் எதிலே குறைவிட்டோம்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அப்பொழுதே விடை கூற என்னால் இயலவில்லை. ஆயின், அவர் ஒருவருடைய கேள்வியன்று அது. நம் சபைகளிலே பல பெற்றோர் வெளியிற் சொல்லாது உள்ளத்தில் அடக்கி வைத்திருக்கும் கேள்வி அதுவே. ஆதலால் இவ்வாரம் அதனையே ஆராய எடுத்துக்கொண்டேன்.

இக்கேள்விக்கு நம் நாட்டின் சரித்திரமே ஒரு விடையை எழுதி வைத்திருக்கிறது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே வேளையில் ஒல்லாந்தர் ஊர்தோறும் பாடசாலைகளை நடத்தித் தம் சமயத்தைக் கற்பித்தனர். பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. திருமுழுக்கும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. அரசாங்க உத்தியோகம் பெற விரும்பியோருக்கு அப்பதிவு இன்றியமையாததாயிற்று. பெயர்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. ஆயின், 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து கட்டாயம் நீங்கியதும், சில ஆண்டுகளுக்குள்ளேயே அப்பெருந்தொகையினரிற் பலர் அந்தச் சமயத்தை விட்டு அகன்றனர். தோம்பிலே பெயர் இருந்தது. நெஞ்சிலே வேர் இருக்கவில்லை.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். 1687ஆம் ஆண்டில், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளி போல வேடம் பூண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கத்தோலிக்கர் யாவர் என்பதை அறியும் பொருட்டுச் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாக இரந்து திரிந்தார் என்பர். சில்லாலை என்னும் ஊரிலே, தம் விசுவாசத்தைக் கைவிடாதிருந்த மக்கள் அவரை வரவேற்று மறைத்து வைத்துக் காத்தனர். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தமை நேயர்களுக்கு நினைவிருக்கும்.

புனிதரை நாம் போற்றுகிறோம், போற்றுதல் தகும். ஆயின், அவர் வருமுன் கழிந்த இருபத்தொன்பது ஆண்டுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பகிரங்கமாகப் பூசை வைக்கக் கோயிலில்லை. உடனிருந்து வழிகாட்டக் குருவில்லை. 1658இற் பிறந்த குழந்தை, அவர் வந்தபோது தானே பிள்ளைகளைப் பெற்றிருக்கக்கூடிய வயதை அடைந்துவிட்டது. அக்குழந்தைக்குச் செபம் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யார்? கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, மெல்லிய குரலிற் செபித்த தாயும் தந்தையும் பாட்டியுமே அன்றோ! அச்சத்தின் நடுவிலும் பெரியோர் ஒன்றை விடாது பற்றியிருப்பதைப் பிள்ளை தன் கண்ணாற் கண்டது. ஆதலின், அது பெறுமதியுடையது என்பதையும் அறிந்துகொண்டது.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். பதிவும் பரீட்சையும் பிள்ளையின் விசுவாசத்துக்கு வேலியாகலாம்; விதையாக மாட்டா. விதை வீட்டிலே விதைக்கப்படுகிறது. பவுல் அப்போஸ்தலரும் இளைஞனான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டியாகிய லோவிசாளிடத்திலும் தாயாகிய ஐனிக்கேயாளிடத்திலும் முன்னர் விளங்கிய விசுவாசத்தையே நினைவூட்டுகிறார்.

ஞாயிறு பாடசாலை வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. அது தோன்றிய வரலாற்றை அறிந்தால் அதன் பெருமையும் விளங்கும். அதன் எல்லையும் விளங்கும். 1780ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரிலே பத்திரிகை நடத்திவந்த றொபேட் றெய்க்ஸ் என்பவர் அவ்வியக்கத்துக்கு ஊக்கமளித்தார். வாரத்தில் ஆறு நாட்கள் தொழிற்சாலைகளில் உழைத்து, ஏழாம் நாளில் வீதியில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதபாடமும் கற்பிப்பதே அதன் நோக்கம். போதிப்பார் இல்லாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. இன்றோ, கற்றறிந்த பெற்றோராகிய நாம் பிள்ளையைக் காலையில் ஆலய வாயிலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தின் பின் ஏற்றிச் செல்கிறோம். வீட்டிலே செய்யவேண்டிய கடமையை அந்த ஒரு மணி நேரத்தின் தலையிற் சுமத்திவிடுகிறோம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு மணி நேரம். அதிலும் பரீட்சைக் காலம் வந்துவிட்டால் ஞாயிறு காலையை ரியூஷன் வகுப்பு எடுத்துக்கொள்கிறது. "இந்த வருடம் மட்டும்தானே" என்கிறோம். புலமைப்பரிசில் முடிந்ததும் சாதாரண தரம்; அது முடிந்ததும் உயர்தரம். எது முதன்மையானது என்பதை நாம் வாயாற் சொல்லாமலே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறோம். பிற்காலத்தில் அவன் அந்தப் பாடத்தையே ஒப்புவிக்கும்போது மட்டும் திடுக்கிடுகிறோம்.

இனி நான் கூறப்போவது என் சொந்தக் குற்றம். பிறரைக் குறைகூறுமுன் அதனைச் சொல்லிவிடுவதே முறை.

2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் நிகழ்ந்த கொடுமையை நாம் மறக்கமாட்டோம். சீயோன் ஆலயத்தில் உயிர் நீத்தோரிற் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த சிறுவர். அக்காலத்தில் நானும் ஒரு சபையிலே ஞாயிறு பாடசாலை ஆசிரியனாய் இருந்தேன். சில வாரங்களின் பின் வகுப்பு மீண்டும் தொடங்கிய நாளிலே, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், அந்தப் பிள்ளைகளும் எங்களைப் போல ஞாயிறு பாடசாலைக்குத்தானே போனார்கள்? கடவுள் ஏன் அவர்களைக் காக்கவில்லை?"

வகுப்பு முழுவதும் என் முகத்தையே நோக்கியது. என்னிடம் விடை இல்லை. விடையில்லை என்று சொல்லவும் துணிவில்லை. "விசுவாசம் உள்ள பிள்ளை அப்படிக் கேட்கமாட்டான். இருந்து புத்தகத்தைத் திற" என்றேன். அவன் அமர்ந்தான், புத்தகத்தையும் திறந்தான். அடுத்த இரண்டு வாரங்கள் வந்தான். பின்னர் வரவில்லை.

வேதாகமத்தைக் கற்பிக்கும் நான் அதனைச் சரியாக வாசிக்கவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். பஸ்காவின் பொருளைப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்தே, அவர்களுக்கு விடை சொல்லும்படி யாத்திராகமம் பெற்றோருக்குக் கட்டளையிடுகிறது. யோர்தான் நதியிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு கற்களும், பிற்காலத்துப் பிள்ளைகள் அவற்றைக் கண்டு காரணம் வினவ வேண்டும் என்பதற்காகவே நாட்டப்பட்டன. பன்னிரண்டு வயதான இயேசுவைப் பெற்றோர் தேவாலயத்திலே கண்டபோது, அவர் போதகர்கள் நடுவில் அமர்ந்து, கேட்டும் வினவியும் கொண்டிருந்தார். அந்தப் போதகர்கள் அவரை அதட்டி இருத்தவில்லை. கடவுளையே நோக்கி ஏன் என்று கதறும் சங்கீதங்கள் எத்தனை! யோபுவின் கேள்விகள் எத்தனை! கேள்வி விசுவாசத்தின் பகையன்று. பல வேளைகளில் அது விசுவாசத்தின் முதற் குரலாயிருக்கிறது. கேட்கும் பிள்ளை இன்னும் நம்மோடு இருக்கிறான். கேட்பதை நிறுத்திய பிள்ளையைப் பற்றியே நாம் அஞ்சவேண்டும்.

சில மாதங்கள் கழித்து அவனுடைய வீட்டுக்குச் சென்றேன். தாயார் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனார். "தம்பி, நீ அன்று கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு உன்னை அதட்டிவிட்டேன். அது என் பிழை. அந்தப் பிள்ளைகளை நினைத்து நானும் அழுதேன்; நானும் கடவுளிடம் அதையேதான் கேட்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டேதான் இன்னமும் ஜெபிக்கிறேன்" என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "நீங்களும் கேட்டீர்களா, சேர்?" என்றான். அவ்வளவே.

அடுத்த ஞாயிறே அவன் வகுப்புக்கு வந்துவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் அவன் வரவில்லை. அவ்வாண்டு நத்தாருக்கு முதல் நாள், ஆலயத்துக்கு மின்விளக்குக் கட்டுவோருக்கு உதவியாக வந்து நின்றான். இன்று அவன் வாலிபன். சில ஞாயிறுகளில் வருகிறான். சில ஞாயிறுகளில் வருவதில்லை. ஆனால், மனத்தில் எழும் கேள்விகளை என்னிடம் கொண்டுவருகிறான். அவற்றிற் பலவற்றுக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை; இருவருமாகத் தேடுகிறோம்.

அவன் விளக்குக் கட்ட வந்தமையும் எனக்கு ஒரு பாடமாயிற்று. சிறுவனான சாமுவேல் ஏலியின் வகுப்பிலே வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. ஆலயத்திலே ஊழியஞ் செய்துகொண்டிருந்தான். காலையிற் கதவைத் திறப்பதும் அவன் வேலையாயிருந்தது. நம் ஆலயங்களிலோ, வாலிபர் நாற்காலி அடுக்கவும் நத்தார் மேடை அலங்கரிக்கவும் மாத்திரம் அழைக்கப்படுகின்றனர். வேதபாடம் வாசிக்கவும், நோயாளரைச் சந்திக்கவும், சபையின் ஆலோசனையிலே தம் கருத்தைக் கூறவும் அவர்களுக்கு இடமளித்தால் என்ன? தனக்கென ஒரு வேலையுள்ள வீட்டை எவனும் எளிதில் விட்டுச் செல்வதில்லை.

அயல் அன்பரின் கேள்விக்கு மீண்டும் வருவோம். மறுநாள் மாலை நானே அவர் வீட்டுக்குச் சென்று, "மகன் ஏன் வரமாட்டேன் என்கிறான்?" என்று வினவினேன். அவர் திகைத்தார். "ஏன் என்று கேட்கவில்லை, ஐயா. வரத்தான் வேண்டும் என்று சொன்னேன்" என்றார். "முதலில் அதைக் கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள். என்ன சொன்னாலும் கோபியாதிருங்கள்" என்று மட்டும் கூறி வந்தேன்.

சென்ற வாரம் வீதியிற் கண்டபோது, "இப்பொழுது மாலை நேரங்களில் இரண்டு பேருமாக நடக்கப் போகிறோம். அவன் பேசுகிறான். சில விஷயங்கள் எனக்குக் கஷ்டமாயிருக்கின்றன. ஆனாலும் கேட்கிறேன்" என்றார். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேசும்படியாக உபாகமம் பெற்றோருக்குக் கூறியிருப்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

பெற்றோரே, இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் உடனே எழுந்து போகாதீர்கள். உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்க விரும்பி, அஞ்சி அடக்கி வைத்திருக்கும் கேள்வி ஒன்று இருக்கக்கூடும். அதனைக் கேட்க அவனுக்குச் சிறிது நேரம் கொடுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் கேள்வியை ஒருவர் அதட்டினார் என்பதற்காக, கேட்பதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெரியவரும் உள்ளத்தில் அதே கேள்வியோடுதான் இருக்கக்கூடும்.