வேட்டை கெட்டது யாருக்கு?

படம் முடிந்து விளக்குப் போட்டதும் முதல் ஆள் எழுந்து, "அற்புதமான உருவகம்" என்றார். இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னார். மூன்றாவது ஆள் கணக்கு வாத்தியார் மாதிரி விடை எழுதிக் காட்டினார்: முயல் என்றால் தோற்றுப்போன குடியரசுப் படை, பள்ளத்தாக்கு என்றால் ஸ்பெயின், மண்டையைப் பிளக்கிற வெயில் என்றால் ஃபிராங்கோ ஆட்சி. நான் கேட்டேன்: "அப்ப அந்தக் கால் தாங்கித் தாங்கி வர்ற ஹுவான் யாருக்கு உருவகம்?" "யாரு, அந்த வேலைக்காரனா?" என்றார். அதோடு கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் 'லா காஸா'. வேட்டை என்று அர்த்தம். கார்லோஸ் சௌரா எடுத்தது, 1966இல் வந்தது. அந்த வருஷமே பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி வாங்கியது. கறுப்பு வெள்ளை. நாலு முக்கிய நடிகர்கள், ஒரு ஜீப், ஒரு வறண்ட பள்ளத்தாக்கு, சில துப்பாக்கிகள், ஒரு பகல். கைக்காசு இல்லாதவன் எடுக்கிற படத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஹோசே, பாக்கோ, லூயிஸ் மூன்று பேரும் பழைய கூட்டாளிகள். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம் நின்று இதே பள்ளத்தாக்கில் சண்டை போட்டவர்கள். பாக்கோ தன் உறவுக்காரப் பையன் என்ரிக்கேயையும் கூட்டிவருகிறான். நிலம் ஹோசேயுடையது. அவனுக்குப் பணமுடை, பாக்கோவிடம் கடன் கேட்கத்தான் முயல் வேட்டை என்று சாக்குச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பாக்கோ கொடுக்கமாட்டான். வெயில் ஏற ஏறப் பழைய கசப்பெல்லாம் வெளியே வருகிறது. கடைசியில் முயலைச் சுட்ட துப்பாக்கியால் ஒருத்தனை ஒருத்தன் சுட்டு மூன்று பேரும் சாகிறார்கள். பையன் மூச்சிரைக்க ஓடுகிறான், படம் அப்படியே உறைந்து நிற்கிறது.

நல்ல படம். அதில் எனக்குச் சண்டை இல்லை. லூயிஸ் குவாத்ராதோவின் கேமரா அந்த மனுசங்களின் வியர்வைத் துவாரங்களைக்கூட விடாமல் பார்க்கிறது. பாக்கோவாக நடித்த அல்ஃப்ரெதோ மாயோ யார் தெரியுமா? ஃபிராங்கோவே புனைபெயரில் கதை எழுதி 1942இல் வெளிவந்த 'ராஸா' படத்தின் வீரக் கதாநாயகன். அந்த வீரனைக் கூட்டிவந்து தொந்தியும் திமிருமாக ஒரு கிழட்டு வேட்டைக்காரனாக நிறுத்திய துணிச்சலுக்கே சௌராவுக்குக் கும்பிடு போடலாம். தணிக்கைக்காரர்கள் உள்நாட்டுப் போர் என்று பேர் சொல்லிப் பேசவிடவில்லை, வெறும் 'போர்'தான். தலைப்பு முதலில் 'முயல் வேட்டை' என்றிருந்தது. ஸ்பானிய மொழியில் முயலுக்குக் கொச்சையாக வேறொரு அர்த்தமும் உண்டாம், அதனால் முயலை வெட்டிவிட்டார்கள். குகைக்குள் கிடக்கிற போர்க்கால எலும்புக்கூட்டை விட்டுவிட்டு ஒரு கொச்சை வார்த்தையைப் பிடித்த அந்த அதிகாரிகளை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

என் சண்டை படத்தைப் பார்க்கிற கண்ணோடு.

'வேட்டைக்குப் போனார்கள், வேட்டை விபரீதமாகிவிட்டது.' இந்தப் படத்துக்கு எல்லாரும் எழுதுகிற கதைச்சுருக்கம் இது. விபரீதம் எப்போது ஆரம்பிக்கிறது? நம்ம விமர்சகர்களுக்கு ஹோசேயும் பாக்கோவும் முறைத்துக்கொள்கிறபோது. ஹுவானுக்கு? அந்தப் பொட்டல் நிலத்தைக் காவல் காத்துக்கொண்டு, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற தாயையும் கூட இருக்கிற பெண்பிள்ளை கார்மெனையும் வைத்துக்கொண்டு பிழைக்கிறானே, அவனுக்கு எப்போது? ஜீப் வந்து நின்றபோதே. பாக்கோ அவன் காலைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறான். கால் சரியில்லாதவனைக் கண்ணால் பார்ப்பதே பாக்கோவுக்குப் பிடிக்காது. முயல் வளைக்குள் விரட்டிவிடப் பழக்கிய, கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணியை ஹுவான் கொண்டுவருகிறான். அது வளைக்குள் போய் முயலைத் துரத்திக்கொண்டு வெளியே வரும்போது பாக்கோ சுட்டுவிடுகிறான். தெரியாமல் பட்டுவிட்டதாம். விமர்சனக் கட்டுரைகளில் இந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம் எழுதுகிறார்கள்? இரண்டு முதலாளிகளின் பகை முற்றுவதற்கான குறியீடு. செத்தது அவன் பிழைப்புக்கு ஆதாரமான பிராணி, அதைப் பழக்கியவன் மனசு எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுத ஆள் இல்லை. பிராணிக்கும் உருவகம் என்கிற பதவி கிடைத்தது, அதை வளர்த்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேட்டை என்பது துப்பாக்கி பிடித்தவன் ஒருவனால் நடக்கிற காரியமில்லை. புதரைத் தட்டிக் கலைக்க ஆள் வேண்டும். விழுந்ததைத் தேடி எடுத்துவர ஆள் வேண்டும். சுமக்க, தோலுரிக்க, அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். ஜமீன் வேட்டைக்குப் பறையடித்துக் காட்டைக் கலைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபிராங்கோ காலத்து ஸ்பெயினில் வேட்டை வெறும் பொழுதுபோக்காக இல்லை, அதிகாரம் கைமாறுகிற இடமாக இருந்தது. சர்வாதிகாரிக்கு வேட்டைப் பித்து. மந்திரிகளும் தொழிலதிபர்களும் லைசன்சு, காண்ட்ராக்ட் எல்லாம் பேசி முடித்தது இந்த வேட்டைகளில்தான். 1978இல் பெர்லாங்கா இதை வைத்தே 'தேசியத் துப்பாக்கி' என்று ஒரு கேலிப் படம் எடுத்தார். 1961 டிசம்பர் 24இல் எல் பார்தோ காட்டில் ஃபிராங்கோவின் துப்பாக்கி வெடித்து இடது கை சிதைந்தது. அதை சரித்திரம் தேதி போட்டு வைத்திருக்கிறது. அதே காடுகளில் கலைப்புக்குப் போனவர்களில் எத்தனை பேருக்குச் சன்னம் பட்டது, எத்தனை பேருக்குக் கால் முறிந்தது என்று யார் தேதி போட்டு வைத்தார்கள்?

ஒருத்தர் வைத்தார். மிகேல் தெலிபெஸ். தானே பெரிய வேட்டைக்காரர், வேட்டையைப் பற்றியே புத்தகம் புத்தகமாக எழுதியவர். 1981இல் அவர் எழுதிய நாவல்தான் 'புனித அப்பாவிகள்'. மாரியோ காமுஸ் 1984இல் படமாக்கினார். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எஸ்த்ரெமதூராப் பகுதி, 1960கள், ஒரு பெரிய பண்ணை. குட்டை பாக்கோ பண்ணையாள். சௌரா படத்துப் பாக்கோ துப்பாக்கி பிடித்த பாக்கோ, இவன் மோப்பம் பிடிக்கிற பாக்கோ. சுடப்பட்ட பறவை எங்கே விழுந்தது என்று நாலு காலில் தவழ்ந்து, தரையை மோந்து மோந்து கண்டுபிடித்துக் கொண்டுவருவான். சின்னப் பண்ணை இவான் இதை விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டுவான், என் நாயைப் பாருங்கள் என்கிற தோரணையில். அதில் பாக்கோவுக்கும் ஒரு பெருமை இருக்கிறது. அதுதான் பார்க்க முடியாத இடம். அவமானத்தைத் தொழில்திறமையாக மாற்றி அதிலேயே ஒரு மனுசனைச் சந்தோசப்பட வைத்துவிடுகிறார்கள்.

ஒருநாள் பழக்கிய புறாவை வைத்து மற்றப் புறாக்களை வரவழைக்கிற வேட்டை. புறாவைக் கட்டிவைக்க மரம் ஏறிய பாக்கோ விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். வைத்தியர் நடக்கக் கூடாது என்கிறார். இவானுக்குத் தாங்க முடியாத துக்கம். பாக்கோவின் காலுக்காக இல்லை, புறாப் பருவம் போகிறதே என்று. கட்டு ஆறுவதற்குள் மறுபடி மரத்துக்குக் கூட்டிப்போகிறான். மறுபடி விழுகிறான், மறுபடி முறிகிறது. இப்போ சொல்லுங்க, வேட்டை கெட்டது யாருக்கு? இவானைக் கேட்டால் தனக்குத்தான் என்பான். கூடவந்த பெரிய மனிதர்கள் அதிகம் சுட்டுவிட்டார்கள், தன் பேர் போச்சு. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு அப்படித்தான் படுகிறது.

பாக்கோவுக்குப் பதில் அவன் மச்சான் அஸரியாஸ் வருகிறான். புத்தி முழுசாக வளராத கிழவன். கை வெடிக்காமலிருக்கக் கையில் மூத்திரம் பெய்துகொள்கிறவன். வேறொரு பண்ணையில் வயசுக்காலம் வரைக்கும் உழைத்து, இனி உதவாது என்று விரட்டப்பட்டவன். அவன் வளர்க்கிற காக்கா இனத்துப் பறவை ஒன்று கூப்பிட்டால் தோளில் வந்து உட்காரும். அதைப் பருந்து என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்குப் புறா ஒன்றும் சிக்கவில்லை. எரிச்சலில் இவான் அந்தப் பறவையைச் சுடுகிறான். கிழவன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுகிறான். அடுத்த வேட்டைக்குக் கிழவன் கயிற்றோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கீழே நிற்கிற இவான் கழுத்தில் சுருக்கைப் போட்டு இழுத்துவிடுகிறான்.

குட்டை பாக்கோவாக நடித்த அல்ஃப்ரெதோ லாந்தாவுக்கும் அஸரியாஸாக நடித்த ஃபிரான்சிஸ்கோ ரபாலுக்கும் 1984 கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். தகுதியான விருது. இதுவரைக்கும் நானும் கைதட்டுகிறேன்.

ஆனால் அந்தத் தலைப்பு என்னை உறுத்துகிறது. 'அப்பாவிகள்'. யார் அப்பாவி?

எஸ்த்ரெமதூரா எந்த மண் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் என்று புரியும். 1932இல் குடியரசு நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. காத்திருந்து சலித்த ஜனங்கள் 1936 மார்ச் 25 அன்று, பதஹோஸ் மாவட்டத்தில் மட்டும் சுமார் 60,000 பேர், ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 பண்ணைகளுக்குள் கலப்பையோடு இறங்கினார்கள். சட்டத்துக்குக் கோடு போட்டுக் காட்டிவிட்டு உழ ஆரம்பித்தார்கள். ஐந்து மாசம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 14இல் ஃபிராங்கோவின் தளபதி யாகுவேயின் படை பதஹோஸ் நகரைப் பிடித்தது. காளைச் சண்டை மைதானத்துக்குள் ஓட்டிப்போய்ச் சுட்டார்கள். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பண்ணைகள் பழைய கைக்கே திரும்பின.

குட்டை பாக்கோவுக்கு 1936இல் ஒரு இருபது வயசு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச் மாசம் அவன் எங்கே இருந்தான்? அவன் அப்பன் கலப்பையோடு போனானா? படம் இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வரவில்லை. நாலு காலில் தவழ்கிறவனைக் காட்டுகிறது, அவனை அப்படித் தவழவைக்க எத்தனை பேரைச் சுட வேண்டியிருந்தது என்பதைக் காட்டவில்லை. தோற்கடிக்கப்பட்டவனை அப்பாவி என்று கூப்பிடுவது ஒரு சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் அது அவன் சண்டை போட்ட கதையைப் பிடுங்கிக்கொள்வது. பிறவியிலேயே அடங்கினவன், ஆடு மாதிரி, குழந்தை மாதிரி என்று ஆக்கிவிட்டால் பரிதாபப்படலாம், விருது கொடுக்கலாம். நம்மளையும் 'பாவம், அப்பாவி சனங்க' என்று சொல்கிற எழுத்தாளர்களை நமக்குத் தெரியாதா?

கயிறு விஷயமும் இப்படித்தான். பண்ணையைக் கொல்கிற கை ஏன் புத்தி வளராதவன் கையாக இருக்க வேண்டும்? பறவைக்காகக் கொன்றான் என்று இருந்தால் மேல்தட்டுப் பார்வையாளனுக்கும் கண்ணில் தண்ணீர் வரும். முறிந்த காலுக்காக, அதாவது தன் சொந்தக் காலுக்காகப் பாக்கோ கொன்றிருந்தால்? அது கொலை, வன்முறை, பழிவாங்கல் என்று பேசியிருப்பார்கள். இவானைத் தண்டிக்கிற ஆசையும் இருக்கிறது, தண்டித்தவன் யோசித்துச் செய்தான் என்று ஒத்துக்கொள்ளப் பயமும் இருக்கிறது. அதற்கு அஸரியாஸ் வசதியாகக் கிடைத்தான். கொலைக்குப் பிறகு அவனை மனநோய் விடுதியில் வைத்துவிடுகிறார்கள், கணக்குச் சரி. யோசித்துச் செய்கிற உரிமை, கோபப்படுகிற உரிமை, இதெல்லாம் சௌரா படத்தில் அந்த மூன்று கிழட்டு ஃபிராங்கோக்காரர்களுக்கு மட்டும் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது, பாருங்கள். அவர்கள் ஒவ்வொருத்தனுக்கும் மனசுக்குள்ளே பேசுகிற குரல்கூட உண்டு.

கொலை செய்யச் சொல்லி வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். யோசிக்கத் தெரிந்த மனுசனாகக் காட்டு என்றுதான் கேட்கிறேன்.

அதற்கும் அந்தப் படத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் பேசாத படம், பேசாத இடம். ஒருநாள் பிரெஞ்சு விருந்தாளி ஒருத்தன் ஏதோ கேட்டுவிட, எங்கள் ஆட்களுக்கு எழுத்துத் தெரியும் என்று நிரூபிக்க இவான் குட்டை பாக்கோவையும் அவன் பொண்டாட்டி ரெகுலாவையும் மேசைக்குக் கூப்பிட்டுப் பேர் எழுதச் சொல்கிறான். வெள்ளைத் துணி விரித்த மேசை, கோணல் மாணலாக ஒரு பேர், சுற்றிலும் சிரிப்பு. மகள் நியெவெஸைப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் வீட்டு வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு பையன் வளர்கிறான். கிர்ஸே, பாக்கோவின் மகன். அதிகம் பேசமாட்டான். அப்பன் கால் முறிந்தபிறகு இவனைக் கலைப்புக்குக் கூட்டிப்போகிறான் இவான். பையன் வேலையைச் சரியாகச் செய்கிறான், குழைய மட்டும் மாட்டேன் என்கிறான்.

வேட்டை முடிந்து இவான் ஒரு நோட்டை எடுத்து நீட்டுகிறான். கிர்ஸே வாங்கவில்லை. திட்டவில்லை, வீசியெறியவில்லை, வேண்டாம் என்கிறான், அவ்வளவுதான். அன்று ராத்திரி விருந்து மேசையில் இவானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு என்ன வந்துவிட்டது என்று புலம்புகிறான். முறிந்த காலுக்கு வராத கலவரம், கை நீட்டாத ஒரு கூலிக்காரப் பையனைப் பார்த்து வந்துவிட்டது. பின்னால் கிர்ஸே பட்டாளத்துக்குப் போகிறான், நியெவெஸ் தொழிற்சாலைக்குப் போகிறாள், இரண்டு பேரும் பண்ணைக்குத் திரும்பவில்லை.