படியில் உட்கார்ந்தவர்

"நாமெல்லாம் சிலோன்காரங்க, நமக்குள்ள ஏதுடா சாதி?" கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைனில் மேடை போட்டுச் சொல்கிறார்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் தலை எண்ணிப் பிரித்ததில் கப்பலேறியவர்கள்தான் எல்லோரும். மண்டபம் முகாமில் ஒரே வரிசையில் நின்றவர்கள்தான். அப்புறம் ஏன் லைன் மாரியம்மன் கோயிலில் எங்க அப்பாயியை மட்டும் வெளியே நிறுத்தினீர்கள்?

பட்ட துன்பம் யாரையும் தானாகத் திருத்தாது. எகிப்தில் அடிமையாயிருந்த கதையைப் பஸ்கா இரவுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் யூதர்கள். அதனாலேயே அந்நியனை ஒடுக்கக்கூடாது என்கிறது அவர்கள் வேதம். அதைப் படித்துக்கொண்டேதான் கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வாரிசுகளைச் சமமாக உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள். அந்த வாரிசுகளில் ஒருவர் வக்கீல் ஏ. பி. சாலெம் (1882–1967). அவர் மதத்தை விட்டு ஓடவில்லை. ஜெப ஆலயத்திலேயே சத்தியாகிரகம் இருந்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யாரும் இரக்கப்பட்டதால் அல்ல, அவர் விட்டுக்கொடுக்காததால்.

தோழர்களே, எங்களிடம் ஒற்றுமை பேசாதீர்கள். அந்தக் கோயில் படியில் நாங்க உட்காரப் போறோம். முடிந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.